கத்தாத கொடுங்கோலன்

ஊசியக்காளுக்குக் கோபம் வந்தால், உதட்டில் கவ்வியிருக்கும் குண்டூசிகளை முதலில் ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்திவைப்பாள். பேச்சு அதற்குப் பிறகுதான். நாடகக் கம்பெனியில் இருந்தவர்கள் குண்டூசி வெளியே வருவதைப் பார்த்ததுமே ஏதாவது ஒரு வேலையைச் சொல்லிக்கொண்டு நழுவிவிடுவார்கள். முதலாளி உட்பட.

கம்பெனிக்கு உடை தைக்கிறவள் அவள். அதற்கு முன்னால் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை காலர், காலர், காலர். சட்டைக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஒருநாள் மேற்பார்வையாளன் பக்கத்து மெஷின் பெண்ணின் விரல்மேல் அடிமட்டத்தால் போட்டான். இவள் அந்த அடிமட்டத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தாள். வேலையும் அதே ஜன்னல் வழியே போயிற்று.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது நாடகக் கொட்டகையின் பின்வாசலில் ஒரு ராஜா கிட்டத்தட்ட அழுதுகொண்டு நின்றார். திரை தூக்க நேரமாகிவிட்டது, கால்சட்டை பின்பக்கம் டர்ரென்று கிழிந்துவிட்டது. இவள் அவரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, நின்றபடிக்கே தைத்துவிட்டாள். “ராஜாவோட மானத்தைக் காப்பாத்தின குடிமகளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்” என்று முதலாளி அங்கேயே வேலை கொடுத்தார். அந்த ராஜாதான் இடியண்ணன். கம்பெனியில் கொடுங்கோலன் வேஷம் என்றால் அவர்தான். அவர் கர்ஜித்தால் கடைசி வரிசையில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். நிஜத்திலோ தன் வீட்டுப் பூனையை அதட்டக்கூட வராத மனுஷன்.

ஊசியக்காள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால் “யாரோட அளவும் சரியா வரல” என்பாள். உண்மை வேறு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, தம்பியை வளர்க்கிற பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. கம்பெனித் துணிமூட்டைகளின்மேல் குப்புறப் படுத்துத்தான் அவன் வீட்டுப்பாடம் எழுதினான். வளர்ந்த பிறகு அதே மூட்டைகளின்மேல் படுத்து நாடகம் எழுதினான். எல்லாம் கொடுங்கோல் ராஜாக்களைப் பற்றித்தான். ராஜா சவுக்கைச் சுழற்றுவான், கண்ணை உருட்டுவான், கடைசிக் காட்சியில் செத்து விழுவான். ஜனங்கள் ஊளையிட்டுக் கைதட்டுவார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், முதல் வரிசையில் உட்கார்ந்து அதைவிடப் பலமாகக் கைதட்டியவர்கள் அரசாங்கத்து ஆட்கள். மனைவி, மச்சான், மாமியார் சகிதம் வந்து, ராஜா சாகும்போது எழுந்து நின்றே தட்டுவார்கள். பகலெல்லாம் ஊரை உருட்டி மிரட்டிவிட்டு, சாயங்காலம் வந்து அநியாயம் ஒழிந்ததென்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தப் பெரிய மீசைக்கும் சவுக்குக்கும் பின்னால் தங்கள் முகம் இருக்கிறதென்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததில் ஆச்சரியமும் இல்லை. அது அவர்கள் முகமே இல்லை.

அவர்களுடைய முகத்தை ஊசியக்காள் ஒருமுறை வெகு பக்கத்தில் பார்த்திருந்தாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், அவளும் தம்பியும் இருந்த இரண்டு அறை வீட்டைச் சாலை அகலமாக்க இடித்தார்கள். சந்து முழுக்க இடித்தார்கள். அதற்கு வந்த அதிகாரி ஒல்லியான மனுஷர். வெள்ளைச் சட்டை, நாலாய் மடித்த கைக்குட்டை, அழுக்குப் படாத விரல்கள். அவர் கத்தவில்லை. தெருவில் ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி, கைக்குட்டையால் தானே அதைத் தட்டிவிட்டார். “உட்காருங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க. டீ சொல்லட்டுமா? சர்க்கரை போடலாமில்ல?” என்றார்.

அவள் உட்கார்ந்தாள். டீயை வாங்கிக் குடித்தாள். அதுதான் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை. கையில் டம்ளரோடு உட்கார்ந்தபடி தன் வீட்டுச் சுவர் விழுவதைப் பார்த்தாள். அந்த ஆள் ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள், கல்லை எடுத்திருப்பாள், சந்தே திரண்டிருக்கும். அவரோ அம்மா என்றார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி ஏற்றிவிட்டுப் போனார். வலிக்கத் தொடங்கியபோது வீடு இல்லை.

அதற்குப் பிறகு அக்காளும் தம்பியும் கொட்டகையிலேயே, உடைகள் தொங்கும் அறையில், இருபது ராஜாக்களின் அங்கிகளுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தார்கள். ஒரு மத்தியானம் தம்பி அடுத்த நாடகத்தைப் படித்துக் காட்டினான். பாதியிலேயே ஊசியக்காள் குண்டூசிகளை எடுத்துக் குத்த ஆரம்பித்தாள். தம்பிக்குத் திக்கென்றது.

“ஏன்டா, உன் நாடகத்துல வர்றவன் எதுக்கு இந்தக் கத்து கத்துறான்?”

“கொடுங்கோலன்னா கத்தணும்க்கா. அப்பத்தான் ஜனங்களுக்குப் புரியும்.”

“நம்ம வீட்டை இடிச்சவன் கத்தினானா?”

தம்பி கையிலிருந்த காகிதத்தைக் கீழே இறக்கினான்.

“எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்டா அவன். சர்க்கரை போடலாமான்னு கேட்டான். நீ என்னடான்னா ஊர்ல இல்லாத பூதத்துக்கு மீசை வரைஞ்சிட்டு இருக்க. அவனுங்க முன்னாடி உக்காந்து கைதட்டுறானுங்க. தட்டாம என்ன செய்வானுங்க? நீ எழுதுறது அவனுங்களுக்குத் தாலாட்டு.”

தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்தக் காகிதங்களை அப்படியே சுருட்டி வைத்துவிட்டான். புதிதாக ஒன்று எழுதினான். அதில் ராஜாவும் இல்லை, சவுக்கும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஓர் அதிகாரி ஒரு விதவையின் வீட்டுக்கு வருகிறான். நாற்காலி போடுகிறான், டீ கொடுக்கிறான், நலம் விசாரிக்கிறான். அவன் போகும்போது அவளுக்கு வீடு இல்லை, மகன் இல்லை, கையில் டம்ளர் மட்டும் இருக்கிறது.

இடியண்ணன் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ‘உட்காருங்கம்மா’ என்று அவர் சொன்னால் விதவை வேஷம் கட்டியவள் பயந்து எழுந்து நின்றாள். “ஊசி, ஆயுசு முழுக்கக் கத்தியே சோறு தின்னவன்மா நான். என்னைப் போய் கிசுகிசுக்கச் சொல்றானே உன் தம்பி” என்று புலம்பினார். தம்பி விடவில்லை. பூனையிடம் பேசுகிற குரலில் பேசச் சொன்னான். பிடித்துக்கொண்டார். கேட்டவர்களுக்கு முதுகு சில்லிட்டது.

நாடகம் போட அனுமதி வாங்க வேண்டும். அனுமதி அலுவலகத்தில் உதவியாளர்கள் ‘புரட்சி’, ‘ரத்தம்’, ‘சிம்மாசனம்’ என்ற சொற்களைத் தேடிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. எல்லாரும் மரியாதையாகப் பேசிக்கொள்கிற நல்ல குடும்ப நாடகம் என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் நாள் ஜனங்கள் ஊளையிடத் தயாராக வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரன் மேடைக்கு வந்தான். ஊளையிடலாமா என்று யோசித்தார்கள். அவன் நாற்காலியைத் தட்டிவிட்டு, “உட்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா? சர்க்கரை போடலாமில்ல?” என்றதும் கொட்டகையில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. நடு வரிசையில் மூட்டை தூக்குகிற ஒருவர் எழுந்தார். “இந்த ஆளு எங்க வீட்டுக்கு வந்தான்” என்றார். நாடகம் பார்க்க வந்திருக்கிறோம் என்பதே மறந்த குரல். பின்னாலிருந்து ஒரு பெண், “எங்க வீட்டுக்கும்” என்றாள். பிறகு அங்கே ஒருவர், இங்கே ஒருவர். மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஊசியக்காள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அன்றைக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

அந்த வாரம் முடிவதற்குள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள். கால்மிதியில் செருப்பைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். “கொஞ்சம் பேசணும், பேசிட்டு அனுப்பிடுவோம்” என்றார்கள். அவன் காலையில் குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. எங்கே என்று கேட்ட இடத்திலெல்லாம் வேறோர் இடத்தைச் சொன்னார்கள். அலைந்து அலைந்து கடைசியில் அவள் அனுமதி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள்.

மேஜைக்குப் பின்னால் அதே ஒல்லி மனுஷர். சந்து வீடுகளை இடித்த கைக்குப் பதவி உயர்வு கொடுத்துக் கலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. இடித்த வீட்டையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டிருந்தால் பதவி உயர்வு எப்படிக் கிடைக்கும்?

“உட்காருங்கம்மா. உங்க தம்பி நல்லா இருக்காரு. நாங்க கலைக்கு எதிரி இல்ல. கொடுங்கோல் ஆட்சியைப் பத்தி எத்தனை நாடகம் போட்டீங்க, ஒண்ணையாவது தடுத்தோமா? நானே குடும்பத்தோட வந்து ரசிச்சிருக்கேன். ஆனா இந்த நாடகம் யதார்த்தமா இல்லையே. கொடுமைக்காரன் போய் நாற்காலி போடுவானா? டீ கொடுப்பானா? ஜனங்க குழம்பிடுவாங்க. நல்ல மனுஷங்களைப் பார்த்துச் சந்தேகப்படுவாங்க.” இதைச் சொல்லிக்கொண்டே டீயை அவள் பக்கம் நகர்த்தினார்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். அந்தக் கதைதான். இவரைப் பற்றி நாடகம் என்று யார் சொன்னார்கள்?

“என்ன செய்யணும்?” என்றாள் ஊசியக்காள். உட்காரவில்லை.

“பெருசா ஒண்ணுமில்ல. கொடுமைக்காரன் கொடுமைக்காரன் மாதிரி இருக்கட்டும். மீசை வைங்க. சிவப்பு அங்கி தைங்க. சவுக்கு கொடுங்க. கத்தட்டும். எங்க மேலதிகாரி சம்சாரத்தோட நாடகம் பார்க்க வர்றாரு. அவர் முன்னாடி அப்படிப் போடுங்க. கொட்டகையில சத்தம் சலசலப்பு இருக்கக் கூடாது. அவர் சந்தோஷமாப் போனா, தம்பி வீட்டுக்கு வந்துடுவாரு.” பிறகு வருத்தத்தோடு, “டீ ஆறிப்போச்சேம்மா” என்றார்.

அவள் தைத்தாள். வேறென்ன செய்வாள்? நல்ல சிவப்பில் அங்கி தைத்தாள். தோளில் பஞ்சு, வயிற்றில் பஞ்சு. கரடிக்குப் போட்டால்கூடக் கரடி வெட்கப்படும்படி ஒரு மீசை. ஒவ்வொரு தையலுக்கும் அந்த ஒல்லி மனுஷரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். தம்பிக்காகத் தம்பி எழுதியதையே கழுத்தை நெரிக்கிறோம் என்று தெரிந்தே தைத்தாள். முதலாளி வசனத்தைப் பூராவும் மாற்றினார். ‘உட்காருங்கம்மா’ இருந்த இடத்தில் ‘நில்லடி!’ வந்தது. டீ போய்ச் சவுக்கு வந்தது.

இடியண்ணன் அங்கியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். “வெக்கமா இருக்கு ஊசி. இதைப் போட்டுக்கிட்டுக் கத்தினா எனக்கே சிரிப்பு வரும்.”

“சிரிக்காதீங்கண்ணே. கத்துங்க. என் தம்பி வெளிய வரட்டும்.” அவள் குரல் உடைந்தது. அவர் மீசையை எடுத்து ஒட்டிக்கொண்டார்.

அன்றைக்குக் கொட்டகை நிரம்பி வழிந்தது. முதல் முறை பார்த்தவர்களெல்லாம் மறுபடி வந்திருந்தார்கள். சத்தம் போடக் கூடாது, போட்டால் எழுதினவனுக்கு ஆபத்து என்று வாசலிலேயே காதோடு காதாகச் சொல்லி அனுப்பியிருந்தார் முதலாளி. சிவப்பு அங்கியைப் பார்த்துக் கூட்டம் திகைத்தது. மீசையைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு சத்தம் இல்லை. அந்தப் பையன் பத்திரமாக வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மேலதிகாரியும் அவர் மனைவியும் தாமதமாக வந்தார்கள். மேடையில் அந்தக் காட்சிதான் நடந்துகொண்டிருந்தது. இடியண்ணன் சவுக்கை ஓங்கி, “நில்லடி!” என்று கொட்டகை அதிரக் கர்ஜித்தார். விதவை நடுங்கி நின்றாள். ஒரு கணம் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியில், முதல் வரிசையில் ஒல்லி மனுஷர் அவசர அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்தார். கைக்குட்டையை எடுத்து அதைத் தட்டினார். மேலதிகாரியின் மனைவியிடம் குனிந்து, வழக்கமான அந்தக் குரலில், “உட்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா? சர்க்கரை போடலாமில்ல?” என்றார்.

கடைசி வரிசைவரை கேட்டது. சத்தம் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது அவர்தானே!

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. எங்கோ ஒரு மூக்குக்குள் ஆரம்பித்தது. பிறகு மூட்டை தூக்குகிறவர் சிரித்தார், பெண்கள் சிரித்தார்கள், கொட்டகை முழுவதும் குலுங்கியது. தன் வாயால் கெட்ட தவளையைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது சிரிப்பால் வந்ததில்லை.

மேலதிகாரி திரும்பிப் பார்த்தார். “எதுக்குச் சிரிக்கிறாங்க?”

ஒல்லி மனுஷருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின நிலைமை. எதற்கென்று சொல்ல வேண்டுமானால், பழைய நாடகத்தைச் சொல்ல வேண்டும். அது நான்தான் என்று சொல்ல வேண்டும். “நாடகம் நல்லா இருக்குங்க ஐயா, அதான்” என்றார். மேலதிகாரி மேடையில் மீசையோடும் சவுக்கோடும் விழித்துக்கொண்டிருந்த இடியண்ணனைப் பார்த்தார். இதுதான் வேடிக்கைபோல என்று முடிவு செய்து அவரும் சிரித்தார். ஒல்லி மனுஷரும் சிரிக்க வேண்டியதாயிற்று. பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற ஊசியக்காள் மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தம்பி முடிந்தான் என்றே நினைத்தாள்.

நாடகம் முடிந்ததும் மேலதிகாரி, “இந்த மாதிரிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. எழுதினது யாரு? அடுத்த வாரம் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஒல்லி மனுஷர் சரியென்று தலையாட்டினார். ஆட்டாமல் எப்படி?

மறுநாள் காலையில் ஊசியக்காளுக்கு ஆள் வந்தது. அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். அலுவலகத்துப் படிகளில் ஒல்லி மனுஷர் நின்றார். பக்கத்துக் கதவிலிருந்து தம்பி வந்தான். முள்ளின்மேல் நடக்கிறவன் மாதிரி வந்தான். செருப்பு கையில் இருந்தது. அது நுழையாத அளவுக்குப் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

“அடிச்சாங்களாடா?”

“இல்லக்கா. நிக்கச் சொன்னாங்க. நாள்பூரா. தூக்கம் வந்து விழுந்தா எழுப்பித் தண்ணி கொடுத்து மறுபடி நிக்கச் சொல்லுவாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க.”

அவள் அவனுடைய செருப்பை வாங்கிக்கொண்டாள். கையைப் பிடித்து, “வாடா, வீட்டுக்குப் போலாம்” என்றாள். அவன் நகரவில்லை. வாசல் திறந்துதான் இருந்தது, தெரு அப்பால் தெரிந்தது. அவன் திரும்பி, படியில் நின்றவரைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு, “நான் போகலாங்களா ஐயா?” என்று கேட்டான்.

“தாராளமாப் போங்க, தம்பி” என்றார் அவர்.

தம்பி என்றார். துணிமூட்டைமேல் படுக்க வைத்து, ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டாக்கி, காய்ச்சல் நாளில் கண்விழித்து வளர்த்த அவளுடைய தம்பியை, அந்த வாய் தம்பி என்றது. ஊசியக்காளுக்கு உள்ளே என்னவோ பிய்ந்தது.

“யாருக்குடா தம்பி?” என்று கத்தினாள்.

அவர் பதறிப்போய் இரண்டு படி இறங்கினார். “மெதுவாப் பேசுங்கம்மா. நாலு பேர் போற இடம்.”

“மெதுவாவா? மெதுவாத்தானேடா என் வீட்டை இடிச்ச! மெதுவாத்தானே என் கையில டீயைக் கொடுத்து உக்கார வெச்ச! மெதுவாத்தானே இவனைக் கூட்டிட்டு வந்து காலு வீங்க வீங்க நிக்க வெச்ச! உன் மெதுவுல தீயை வைக்க! ஏய், எல்லாரும் வாங்க, வந்து பாருங்க, இதான் அந்த ஆளு! என்னைப் பிடிச்சு உள்ள போடு! நான் எதுக்குக் கத்தினேன்னு உன் பெரியவரு கேப்பாரு, அவருகிட்ட நீயே சொல்லு!”

எதிர்க் கட்டடத்தில் ஜன்னல்கள் திறந்தன. சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்றார்கள். காவலுக்கு நின்ற இருவரும், என்ன செய்வதென்று கேட்க ஒல்லி மனுஷரைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி அவள் கையை இழுத்தான். “அக்கா, போதும்க்கா” என்றான், காற்றாக.

“நீயும் கத்துடா” என்றாள். “என் ராசா, ஒரு தடவை கத்துடா.”

அவன் வாயைத் திறந்தான். தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. அவள் அவன் கையை விடாமல், அவனுக்கும் சேர்த்துக் கத்தினாள்.